முதலில் பிரேக், கடைசியில் எஞ்சின்: ஒரு பழைய 207 சுமைக்குத் தயாரான விதம்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுபோன சரக்கு வண்டியை வாங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: புது பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பது. புகையைக் கக்கிக்கொண்டு அது ஓடத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது. மீதமிருக்கும் பணம் பெயிண்டுக்கும் சீட்டுக்கும் போக, கொஞ்ச நாளில் அதே வண்டி தேங்காயையோ சிமெண்டையோ ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறது. சுமை ஏற்றவும் பின்னால் ஒரு டிரெய்லரை இழுக்கவும் போகிற வண்டிக்கு இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. சத்தியமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் களத்தில் கேட்பாரற்று நின்றிருந்த டாடா 207 டிஐ ஒன்றை வாங்கிச் சரிசெய்தபோது, அடிச்சட்டம், பிரேக், அச்சு, ஸ்பிரிங் எல்லாம் முடிந்த பிறகே எஞ்சினில் கை வைத்தேன். அந்த வேலைகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்கோ என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 1988இல் டாடாமொபைல் என்று கொண்டுவந்த பிக்கப் குடும்பத்தில் பின்னால் வந்தது 207 டிஐ. இதன் எஞ்சின் 497 வரிசையைச் சேர்ந்தது: நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் வீச்சு, மொத்தம் 2,956 சிசி. சுழற்சி வேகம் குறைவாக இருக்கும்போதே நல்ல இழுவை தருகிற, எளிமையான டீசல் எஞ்சின் அது. தாளவாடி மலையிலிருந்து முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் திம்பம் வழியாகக் கீழே கொண்டுவருவதும், கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் இரண்டு சக்கர ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துச் செல்வதும்தான் இந்த வண்டிக்கு நான் வைத்திருந்த வேலை. திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு இறங்கும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையில் சரக்கோடு இறங்க வேண்டிய வண்டியில் எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

விலை பேசுவதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு சிறிய சுத்தியலால் சேஸ் எனப்படும் அடிச்சட்டம் முழுவதையும் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் செதில் செதிலாக உதிரும். நீளவாட்டில் ஓடும் இரண்டு சட்டங்களில் பின்புற ஸ்பிரிங் தாங்கிகள் சேரும் இடமும், பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து எழும் இடமும்தான் வழக்கமாக முதலில் கெடுகின்றன, ஏனென்றால் சக்கரம் வாரியிறைக்கும் சேறு அங்கேதான் தங்குகிறது. இந்த வண்டியில் சேற்றோடு உமியும் தவிடும் சேர்ந்து சட்டத்தின் உட்பக்கம் கெட்டியாக அப்பியிருந்தன. மழைநீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ள இதைவிட ஏற்ற பொருள் கிடையாது. எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகுதான் உண்மையான நிலை தெரிந்தது. இடது பின் தாங்கிக்கு அருகே யாரோ ஒரு இரும்புத் தகட்டைச் சட்டத்துக்குக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே ஒரு விரிசல் ஓடியிருந்தது.

சேஸ் சட்டத்தில் குறுக்கு வெல்டிங் ஏன் கூடாது என்பதைப் பல பட்டறைகளில் யாரும் யோசிப்பதில்லை. சுமை ஏறும்போது சட்டம் மிகச் சிறிய அளவில் வளைகிறது. அந்த வளைவில் அதிக இழுவிசையும் அழுத்தமும் தாங்குவது சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான். வெல்டிங் சூட்டில் அந்த விளிம்பின் உலோகத் தன்மை ஒரு கோடு போல மாறிவிடுகிறது. தகடு வைத்த இடம் விறைப்பாகவும் அதை ஒட்டிய இடம் நெகிழ்வாகவும் இருப்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் விழும் அதிர்ச்சி முழுவதும் அந்தக் கோட்டில் குவிகிறது. நாங்கள் பழைய தகட்டை முழுவதுமாக வெட்டியெடுத்து, விரிசலின் நுனியில் துளையிட்டு அது மேலே பரவாமல் நிறுத்தி, அதை வெல்டிங்கால் அடைத்து, சமமாகத் தேய்த்தோம். அதன் பிறகு இரண்டு முனைகளும் சரிவாக வெட்டப்பட்ட நீண்ட வலுவூட்டும் தகட்டைச் சட்டத்தின் பக்கவாட்டுச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினோம். விளிம்புகளில் ஒரு துளைகூடப் போடவில்லை. வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும்.

அடுத்தது பிரேக். ஓடாமல் நின்ற வண்டியின் பிரேக் அமைப்பு வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். பெடலை மிதித்தால் எதிர்ப்புகூட இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. டாட் 4 வகைத் திரவத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான தர அளவோ 155 டிகிரிதான். பல ஆண்டுகள் மாற்றாத திரவம் அதற்கும் கீழே போயிருக்கலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் அருகே திரவம் கொதித்து ஆவியாகிவிட்டால், ஆவியை அழுத்துவதிலேயே பெடலின் வீச்சு முழுவதும் செலவாகிவிடும். கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. 2,500 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது கைவிட வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.2 கோடி ஜூல். சாதாரண வெப்பத்தில் இருக்கும் நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எஞ்சின் தடுத்து நிறுத்தும் பங்கு போக மீதி வெப்பம் அத்தனையும் பிரேக் டிஸ்க்குகளிலும் டிரம்களிலும்தான் இறங்கியாக வேண்டும்.

அதனால் இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், பின் சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் என்று திரவம் ஓடும் பாதை முழுவதையும் மாற்றினேன். ரப்பர் ஹோஸ்களில் வெளியே வெடிப்பு இல்லை என்பதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்சுவர் ஊதிப்போன ஹோஸ், மிதிக்கும்போது திரவத்தைப் போகவிட்டு, காலை எடுத்த பிறகு திரும்ப விடாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். மாஸ்டர் சிலிண்டரைப் பொறுத்தவரை உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்களான கிட் மட்டும் மாற்றினால் போதும் என்றே பலர் சொன்னார்கள். ஆனால் நின்றுபோன வண்டியில் பிஸ்டன் வழக்கமாகப் போய்வரும் தூரத்துக்கு அப்பால் உள்ள பகுதியில்தான் துரு பிடித்திருக்கும். குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, அதாவது காற்றெடுக்கும்போது, பெடலைத் தரைவரை மிதிக்கும் அந்த முதல் நாளிலேயே புது வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழிந்துவிடும். எனவே முழு சிலிண்டரையே மாற்றுவதுதான் சரி.

டீசல் வண்டிகளின் பிரேக்கில் இன்னொரு பாகம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. பெட்ரோல் எஞ்சினில் காற்று உறிஞ்சும் பாதையிலேயே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது என்பதால் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கென்று தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் சேர்ந்தே சுழல்கிறது, எஞ்சின் ஆயில்தான் அதற்கும் உயவு. அந்த ஆயில் குழாய் அடைத்துக்கொண்டாலோ உள்ளே இருக்கும் தகடுகள் தேய்ந்துவிட்டாலோ பெடல் கல்லாகிவிடும். சோதிப்பது எளிது: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து பூஸ்டரைக் காலியாக்கி, மிதித்த காலை எடுக்காமலேயே எஞ்சினை ஓட்டினால், பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்பிலோ, குழாயிலோ, பூஸ்டரிலோ குறை இருக்கிறது. ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் அல்ல, பிரேக்கின் துணைவிசையும் போய்விடும் என்பதை இந்த வகை வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புது பெல்ட்டோடு உதிரியாக இன்னொன்றும் என் வண்டியில் எப்போதும் இருக்கிறது.

பின் டிரம்களைக் கழற்றியபோது டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனர்கள் இரண்டு பக்கமும் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. இதைப் பார்த்ததும் ஆயில் சீலை மாற்றிவிட்டு மூடிவிடுவதுதான் பொதுவான வழக்கம். ஆனால் சீல் ஏன் போனது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் அச்சின் ஹவுசிங் மேல் இருக்கும் ஒரு சிறிய மூச்சுக்குழலில் கிடைக்கும். ஓட ஓட உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகிக் காற்று விரிகிறது. அந்தக் காற்று வெளியேறத்தான் அந்தத் துளை. அது சேற்றால் அடைத்துக்கொண்டால், அழுத்தம் வேறு வழி தேடி சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு டிரம்முக்குள் வந்துவிடும். இந்த வண்டியில் அந்தத் துளை இருந்த அடையாளமே தெரியாத அளவுக்கு மண்ணும் கிரீஸும் இறுகியிருந்தன. ஐந்து நிமிடத்தில் சுத்தம் செய்யக்கூடிய அந்தத் துளையை விட்டுவிட்டு எத்தனை சீல் மாற்றினாலும் பயன் இல்லை. எண்ணெய் ஊறிய லைனர்களைப் பெட்ரோலில் கழுவியும் நெருப்பில் காட்டியும் திரும்ப மாட்டுகிற பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன்; சூடேறும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடியும் மேலே வரும்.

டிரம்களைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தினோம். எந்த அளவுவரை கடையலாம் என்ற உச்ச விட்டம் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அந்த எல்லையைத் தாண்டிய டிரம் மெல்லியதாகிவிடுவதால் வெப்பத்தைத் தாங்கும் திறனும் அதற்கு இருக்காது.

ஸ்பிரிங் பட்டைகள் விஷயத்தில் எனக்கும் எங்கள் பகுதியில் பலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பழைய பிக்கப் வாங்கியதும் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட்டால் இரண்டு டன் ஏற்றலாம் என்பது பரவலான நம்பிக்கை. கூடுதல் பட்டை வண்டியின் பின்பகுதி தாழ்வதை மட்டுமே தடுக்கிறது. அச்சுக் குழல், சக்கர பேரிங், டயர், பிரேக், சேஸ் ஆகிய எதனுடைய தாங்குதிறனும் அதனால் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. மாறாக, அதிகச் சுமை ஏறியிருக்கிறது என்று வண்டி தாழ்ந்து காட்டும் அடையாளமும் மறைந்துவிடுகிறது. நான் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மட்டமாகிப்போனவற்றை வளைவு ஏற்றச் சொல்லி, விரிசல் இருந்ததை மாற்றி, புது மைய போல்ட்டும் புது யு-போல்ட்டுகளும் போட்டேன். யு-போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கப்பட்ட பிறகு நீண்டுவிடுவதால் பழையதைத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை. புதியதையும் சுமையோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும்.

டயர்களில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல் வரிகள், நன்றாக இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண் அவை பத்து ஆண்டுகளைத் தாண்டியவை என்று சொன்னது, ரப்பரும் நகத்தால் கீறினால் உதிர்ந்தது. ஸ்டெப்னி உட்பட எல்லாவற்றையும் மாற்றினேன். ஸ்டியரிங் இணைப்புகளில் தேய்ந்த முனைகளையும், பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளத்தண்டின் கிராஸ் எனப்படும் மூட்டுகளையும், நடு பேரிங்கையும் மாற்றியது வழக்கமான வேலைதான். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

குளிர்விப்பு அமைப்பில்தான் பட்டறை அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சிறு விவாதம் நடந்தது. ரேடியேட்டரைத் திறந்தபோது குழாய்களில் பாதி வெள்ளைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தன. போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதன் விளைவு அது. ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து முடித்ததும் அவர், "தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டரலாங்க தம்பி, நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார். "வேண்டாங்கண்ணா, புதுசு ஒண்ணு வாங்கியாந்து தர்றனுங்க, அதையே போட்டுருங்க" என்றேன். அவர் சொன்னது அவருடைய நீண்ட அனுபவத்தில் வந்தது, அதில் எனக்கு மரியாதை உண்டு. தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது பழுதாகி மூடியபடி நின்றுவிட்டதால் எஞ்சின் வெந்துபோனதை அவர் நிறையப் பார்த்திருப்பார். ஆனாலும் அதற்குத் தீர்வு புதியதைப் போடுவதே. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் மலை இறக்கத்தில் முழுக்கக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது, எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். அதுமட்டும் அல்லாமல், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழிப் பாதை மூடும்படி அமைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினைச் சுற்றிவரும், எந்தச் சூட்டைத் தவிர்க்க நினைத்தோமோ அதே சூடு ஏற்றத்தில் வந்து சேரும். கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றி, புது மூடியும் போட்டோம். ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரின் கொதிநிலையே 120 டிகிரியை நெருங்கிவிடும். ரப்பர் கெட்டுப்போன மூடியோடு அதே தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து வெளியேறும்.

இப்போதுதான் எஞ்சின். வாங்கும்போதே கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்திருந்தேன். அது தடையில்லாமல் சுற்றியதால்தான் விலை பேசினேன். டீசல் டாங்கை இறக்கிக் கவிழ்த்தபோது அடியில் தண்ணீரும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்களால் உண்டான கருஞ்சேறும் வந்தன. அதை அப்படியே வைத்துக்கொண்டு புது பேட்டரி மாட்டி ஓட்டியிருந்தால் அந்தச் சேறு முழுவதும் ஃபில்டருக்கும், அதைத் தாண்டிப் பம்புக்கும் போயிருக்கும். டாங்கைக் கழுவி, குழாய்களை ஊதி, இரண்டு ஃபில்டர்களையும் மாற்றினோம். இன்ஜெக்டர்களைக் கழற்றியெடுத்து அந்தத் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் கையால் பல சுற்றுகள் சுற்றினோம். இன்ஜெக்டர்கள் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போய் நாசில் மாற்றி, அழுத்தம் சரிபார்த்து வந்தன. வால்வுகளுக்கான டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றி, ஸ்டாப்பர் கேபிளை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றிய பிறகே டீசலைத் திறந்தோம். காற்றெடுத்து முடித்ததும் எஞ்சின் ஓடியது. முதலில் வந்த வெண்புகை சூடேறியதும் நின்றுவிட்டது. நீலப்புகை வரவில்லை என்பதால் பிஸ்டன் வளையங்களைத் தொட வேண்டியிருக்கவில்லை.

பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டிவைத்தால் இழுவை கூடும் என்று ஒரு யோசனையும் வந்தது. எரிய வேண்டிய காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் அது கரும்புகையாகத்தான் போகும், வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். ஒரு டன்னுக்குச் சற்று மேல் ஏற்றுவதற்கென்று வடிவமைக்கப்பட்ட வண்டியை அந்த எடைக்குள் ஓட்டினால் இருக்கிற சக்தியே போதும். மலையில் வேகமாக ஏறுவதால் முட்டைக்கோஸுக்கு எந்த லாபமும் இல்லை. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதை நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

கடைசியாக டிரெய்லர். கொக்கியைப் பின் பம்பரில் வெல்டிங் வைத்துக்கொண்டு ஜெனரேட்டர் இழுக்கும் வண்டிகளைத் திருவிழாக் காலங்களில் பார்க்கிறோம். பம்பர் என்பது இரண்டு மூன்று போல்ட்டுகளில் தொங்கும் ஒரு தகடு மட்டுமே. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள டிரெய்லர் பிரேக் பிடிக்கும்போது தள்ளும், கிளம்பும்போது இழுக்கும், பள்ளத்தில் செங்குத்தாக அடிக்கும். இந்த மூன்று விசைகளும் சேஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நாங்கள் கனமான ஒரு குறுக்குச் சட்டத்தை இரண்டு பக்கமும் உள்தகடு வைத்து, 10.9 என்ற உயர் வலிமைத் தர போல்ட்டுகளால் இறுக்கி, அதில் கொக்கியைப் பொருத்தினோம். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினோம். அப்படி மாட்டினால் விழும் முனை தரையில் குத்தாமல் சங்கிலிகள் மேல் தங்கும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். ஜெனரேட்டரைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்து அந்த எடை குறைந்துவிட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கி வண்டியின் பின்பகுதியையும் சேர்த்து இழுத்துவிடும். இதைக் கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது. எடைமேடையில் டிரெய்லரை முழுதாக ஒருமுறையும், முன்காலை மட்டும் மேடையில் வைத்து ஒருமுறையும் நிறுத்தினால் கணக்கு தெரிந்துவிடும். எங்கள் டிரெய்லரில் ஜெனரேட்டரை முன்னோக்கி நகர்த்திப் புதிய துளைகள் போட வேண்டியிருந்தது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கணக்கிடுகிறது என்பதால் அதற்கும் தனிப் பதிவு வேண்டும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, எண் பலகை, ஒளிரும் பட்டை எல்லாம் அதற்கும் பொருந்தும். வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கும்போதே இவற்றையும் சேர்த்து முடித்துவிடுவது நல்லது. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதைச் சுமையாகப் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கோ அது வண்டியை ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்க்க ஒரு கட்டாயத் தேதியாகப் பயன்படுகிறது.

இப்போது வண்டி வாரந்தோறும் தாளவாடியிலிருந்து காய்கறி இறக்குகிறது, சமவெளியில் ஜெனரேட்டரையும் இழுக்கிறது. டிரெய்லரோடு திம்பம் ஏற இன்னும் நான் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் அந்த டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. முன்னால் போகும் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் தள்ளும் விசையாலேயே தன் சக்கரங்களுக்குப் பிரேக் பிடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றைக் கோயம்புத்தூரில் செய்யக் கொடுத்திருக்கிறேன். அதைப் பொருத்தி, சமதளத்தில் முழு எடையோடு நிறுத்திப் பார்த்து, டிரம்களின் சூட்டைச் சோதித்த பிறகு மலைக்குக் கொண்டுபோவேன். அதுவரை தாளவாடியில் ஜெனரேட்டர் கேட்பவர்களுக்கு, மேலேயே வைத்திருக்கும் வேறொருவரின் எண்ணைத்தான் கொடுத்துவருகிறேன்.